நாலாயிரத்து ஒன்று

பொத்தானில் ‘இணை’ என்று மட்டும் எழுதியிருந்தேன்.
அழுத்தினால் திரையின் வலது மூலையில்
ஒரு சின்ன ஜன்னல் திறக்க வேண்டும்.
வாலட்டின் ஜன்னல்.
அந்த வீட்டுச் சாவி என்னிடம் கிடையாது.
தெருவில் நின்று குரல் கொடுப்பதோடு
என் வேலை முடிகிறது.
உள்ளே இருப்பவர் வந்தால் வரலாம்.

பதினோரு நாளாக இதுதான்.
நீடாமங்கலத்தில்,
உரக்கடைக்கு மேல் மாடியில்,
யூரியா வாசனைக்கு நடுவில்,
டாலினில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு.
மாதக் கடைசியில் கூலி வந்துவிடும்,
நாற்பத்திரண்டு எழுத்து நீளமுள்ள
என் முகவரிக்கு.
தபால்காரருக்குத் தெரியாத முகவரி.

முதல் நாள், பக்கம் திறந்ததுமே
வாலட்டைக் கேட்டுவிட்டேன்.
செருப்பைக் கழற்றும் முன்னால்
கைமாற்று கேட்பவனைப் போல.
“அவர்கள் அழுத்தட்டும், பிறகு கேள்”
என்று எழுதினாள் கத்ரி.
அடுத்த நாள்,
வாலட்டே இல்லாதவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.
இல்லாத கதவைத் தட்டிவிட்டு
வெள்ளையாக விறைத்து நின்றது பக்கம்.
பிறகு, அவசரக்காரர்கள்.
இரண்டு தரம் அழுத்தினால்
‘ஏற்கெனவே ஒரு கேள்வி காத்திருக்கிறது’ என்று
ஒரு எண் வந்து விழும்,
கழித்தல் குறியோடு.

காத்திருப்பதைப் பற்றி
இந்த ஊருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
சரக்கு ரயிலுக்கு எஞ்சின் மாற்றுகிறார்கள் என்றால்
கேட் விழுந்து ஊர் இரண்டாகும்.
அந்தப் பக்கம் மருந்துக்கடை,
இந்தப் பக்கம் காய்ச்சல்.

கேட் அறையில் ஆரோக்கியசெல்வி.
பத்தாம் வகுப்பில் எனக்கு முன் பெஞ்சு.
ஸ்டேஷன் மாஸ்டர் போனில் ஒரு எண் சொல்ல
இவள் நோட்டில் எழுதுகிறாள்.
இவள் ஒன்று சொல்ல
அவர் அங்கே எழுதிக்கொள்கிறார்.
“பிரைவேட் நம்பர்டா.
தாள்ல வரிசையா இருக்கும்.
ஒண்ண சொன்னா அத அடிச்சிடணும்,
திரும்ப சொல்லக் கூடாது.”
பைக்கில் உட்கார்ந்தபடி சிரித்தேன்.
ஒருமுறை மட்டும் செல்லுகிற எண்ணை உருவாக்க
முந்தின ராத்திரி பூரா விழித்திருந்தவன் நான்.

அன்றைக்கு என் பின்னால் ஒரு டிராக்டர்.
பெட்டி நிறைய நெல், தார்ப்பாய் பாதிதான் மூடியிருந்தது.
வடகிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது.
கொள்முதல் நிலையம் சாத்த இன்னும் அரை மணி.
டிராக்டர்காரர் இறங்கிப் போய் ஜன்னலில் நின்றார்.
“ஒரு நிமிஷம் தூக்கும்மா,
ரயில் கண்ணுக்கே தெரியல.”
“முடியாதுண்ணே.”
அவ்வளவுதான் சொன்னாள்.
குரல் உயரவில்லை, காரணமும் சொல்லவில்லை.
அவர் திரும்பி வந்து
எஞ்சினை அணைத்துவிட்டு
பீடி பற்ற வைத்தார்.

என் பக்கத்தில்,
ஜன்னலுக்குள் இருப்பவர் ‘வேண்டாம்’ என்றால்
நாலாயிரத்து ஒன்று என்ற எண் வரும்.
அதை ஒரு சிவப்புப் பெட்டியில் போட்டு
‘பிழை! மீண்டும் முயலவும்!’ என்று
எழுதி வைத்திருந்தேன்.
இரண்டு ஆச்சரியக்குறி.
ஒருவர் வேண்டாம் என்று சொன்னதற்கு.

ராத்திரி அதை அழித்தேன்.
சிவப்பை எடுத்தேன், குறிகளை எடுத்தேன்.
மிச்சமிருந்த இடத்தில்
‘சரி’ என்று எழுதினேன்.
பிறகு நானே அழுத்தினேன்.
ஜன்னல் வந்தது, என் முகவரியின்
முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும்
நடுவில் மூன்று புள்ளிகளும் வந்தன.
மறுத்தேன்.
பக்கம் ‘சரி’ என்றது.
பொத்தான் பழைய இடத்திலேயே இருந்தது.

மழை பத்து மணிக்கு மேல்தான் பிடித்தது.
அதற்குள் அந்த நெல்லை எடை போட்டார்களா
என்று தெரியவில்லை.
கேட்டைத் தாண்டியதும்
டிராக்டர் இடது பக்கம் திரும்பியது,
நான் நேராக வந்துவிட்டேன்.

காலையில் கத்ரியின் கேள்வி வந்திருந்தது:
இணைந்த பிறகு ஒருவர்
பாதியில் வேறு நெட்வொர்க்குக்கு மாறினால்
என்ன செய்வாய்?
அதை இன்னும் யோசிக்கவில்லை.
கேட் மணி அடிக்கிறது.